தராசுக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

கிழக்கு அந்தாட்டிக்காவில், அவுஸ்திரேலியாவின் மோசன் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் பெஷர்வேஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கோடையில் அடேலி பென்குவின்கள் அங்கே வந்து குஞ்சு பொரிக்கும். கூட்டுக்கும் கடலுக்கும் இடையில் அவை நடந்து போகும் பாதையில் விஞ்ஞானிகள் ஒரு தராசை வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகும் பென்குவின் அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும், திரும்பும்போதும் அதன் மேல் ஏறித்தான் வர வேண்டும். தோலுக்கு அடியில் வைத்த சிறு சில்லு, இது எந்தப் பறவை என்று சொல்லிவிடும். போகிறதா வருகிறதா என்பதை ஒளிக்கற்றை காட்டும். எடையைத் தராசு எழுதிக்கொள்ளும். போகும்போது நாலரைக் கிலோ, வரும்போது ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கூடியிருக்கிற அரைக் கிலோவில் பெரும்பகுதி குஞ்சுக்குக் கொண்டுவந்த தீனி. நிறுப்பதற்காக யாரும் பறவையைப் பிடிக்கவில்லை, தொடவில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தக் கணக்கு நடக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். ஆயுசில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கேட்டுவிட்டு, "போவயிலயும் நிறுக்கிறாங்க, வரயிலயும் நிறுக்கிறாங்களா? அப்ப அதில யாரும் கழிக்க ஏலாதே" என்றார்.

மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைப் பிடிப்பது தோட்டத்து ஆள். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் எழுதுவதும் தோட்டத்து ஆட்கள். கொழுந்து ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. குறித்த கிலோ இருந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். எடுத்தவளின் பங்கு நின்று பார்ப்பது மட்டும்தான். எழுதியவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது எழுதப்படுகிற எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும் என்கிறேன். அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடலைப் பற்றி வாசிக்க வாசிக்க, அங்கேயும் இதே கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது என்று தெரிந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் அந்தாட்டிக்கா மீன்பிடி அறிக்கைகளைத் தேடித் தேடி வாசிப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில், பொய்யாக எழுதப்பட்ட ஒரு கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியம் பெரிய திமிங்கில வேட்டைக் கப்பல் தொகுதிகளைத் தென்கடலுக்கு அனுப்பியது. எத்தனை திமிங்கிலம் பிடித்தோம் என்று சர்வதேச திமிங்கில ஆணைக்குழுவுக்கு ஒவ்வொரு நாடும் கணக்குக் கொடுக்க வேண்டும். தென்பாதிக் கடல்களில் பிடித்த கூனல் திமிங்கிலங்கள் 2,710 என்று சோவியத் கணக்கு சொன்னது. உண்மையில் பிடித்தது 48,000க்கு மேல். 1959-60, 1960-61 ஆகிய இரண்டு பருவங்களில் மட்டும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கே ஏறக்குறைய 25,000. அந்த நாடுகளின் கரையோர வேட்டை நிலையங்களுக்குத் திடீரென்று திமிங்கிலமே வராமல் போனது. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

உண்மை எப்படி வெளியே வந்தது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பகுதி. அந்தக் கப்பல்களில் உயிரியலாளர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அளந்தார்கள், வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், சினையா என்று குறித்தார்கள். அவர்கள் எழுதிய உண்மைக் கணக்கு இரகசியமாக்கப்பட்டது; வெளியே போனது வேறு கணக்கு. சிலர் தங்கள் குறிப்புகளை வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1993இல், அலெக்ஸி யாப்லொகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த மோசடியைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன் பின் ஒவ்வொருவராகக் குறிப்பேடுகளை வெளியே கொண்டுவந்தார்கள். இன்று கூனல் திமிங்கிலங்கள் எவ்வளவு மீண்டு வந்திருக்கின்றன என்று கணக்கிட முடிவது அந்தக் குறிப்பேடுகளால்தான். எத்தனை கொல்லப்பட்டன என்று தெரியாமல் எத்தனை இருந்தன என்று சொல்ல ஏலாது.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. தென்கடலுக்குப் போகிற வழியில் அந்தக் கப்பல்கள் 1963க்கும் 1966க்கும் இடையில் இந்து சமுத்திரத்தின் வடக்கே, அரபிக்கடலிலும் மாலைதீவுப் பக்கத்திலும் ஏறக்குறைய 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருக்கின்றன. மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் படகில் போய்ப் பார்க்கிறோமே, அந்த நீலத் திமிங்கிலங்கள் வாழும் கடல் அது. அவை அந்தாட்டிக்காவுக்குப் போவதில்லை, வருடம் முழுக்க இந்த வெப்பக் கடலிலேயே சுற்றுகிறவை. அந்த 1,300உம் கணக்கில் காட்டப்படவில்லை.

சரி, மீனுக்கு வருவோம். திமிங்கிலம் குறைந்த பிறகு கப்பல்கள் மீன் பக்கம் திரும்பின. தென் ஜோர்ஜியாத் தீவைச் சுற்றி 1969-70 பருவத்தில் ஒரே வகை மீனை ஏறக்குறைய 4 இலட்சம் தொன் அள்ளினார்கள். அடுத்த பருவத்தில் கிடைத்தது ஒரு இலட்சம் தொன் அளவில்தான். அப்புறம் அந்த மீன்பிடியே படுத்துவிட்டது. இந்த அனுபவமும், அடுத்து கிரில் என்ற கூனி மாதிரிச் சிறு பிராணியையும் இப்படி வாரிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துதான் 1980 மேயில் கன்பராவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகக் காரணம். 1982இல் அது நடைமுறைக்கு வந்தது. அதை நடத்துகிற ஆணைக்குழுவை, கம்லார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், தஸ்மேனியாவின் ஹொபார்ட்டில் அமைத்தார்கள். அந்த உடன்படிக்கையில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். இருபது முப்பது வருடத்தில் மீட்க முடியாத மாற்றத்தைக் கடலில் உண்டாக்கக் கூடாது என்கிறது. பிடிக்கிற மீனைப் பற்றி மட்டும் அது பேசவில்லை, அந்த மீனைத் தின்கிற உயிர்களைப் பற்றியும் பேசுகிறது. பெஷர்வேஸ் தீவுத் தராசு போன்றவை எல்லாம் ஒரு திட்டத்துக்குள் வந்தது அதனால்தான். பென்குவின் எத்தனை நாள் கடலில் நின்று திரும்புகிறது, குஞ்சு என்ன எடையில் கூட்டை விட்டுப் போகிறது, எத்தனை குஞ்சு தேறுகிறது என்று ஒரே முறையில் அளந்து வருடா வருடம் அனுப்புகிறார்கள். 1994-95 கோடையில் பெஷர்வேஸில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. தாய் தகப்பன் தீனி தேடி வழக்கத்தைவிட நெடுந்தூரம் போய் நாள் கணக்கில் திரும்பாமல் இருந்தன. கிட்டத்தில் கிரில் இல்லை. கடலுக்கு அடியில் நடந்ததைத் தரைக்கு வந்து சொன்னது அந்தப் பறவைகள்தான்.

கப்பலில் நடப்பதைச் சொல்ல வேறு ஆள் வேண்டும். கம்லார் 1992இல் அவதானிப்பாளர் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. டூத்பிஷ் என்ற ஆழ்கடல் மீனைப் பிடிக்கப் புதிதாகத் திறக்கிற கடற்பகுதிகளில் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது இரண்டு அறிவியல் அவதானிப்பாளர்கள் இருக்க வேண்டும். அதில் ஒருவராவது வேறொரு உறுப்பு நாடு நியமித்தவராக இருக்க வேண்டும். கப்பல் ஒரு நாட்டுடையது, எழுதுகிறவர் இன்னொரு நாட்டவர். மடுவத்தில் இப்படி ஒருவர் நின்றிருந்தால் என்று நினைக்காமல் என்னால் இந்த விதியை வாசிக்க முடியவில்லை.

அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டூத்பிஷ் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் மீன். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், நூறு கிலோவைத் தாண்டும், ஐம்பது வருடம்கூட வாழும். அந்தாட்டிக் டூத்பிஷின் இரத்தத்தில் பனிக்கட்டி உறையவிடாமல் தடுக்கிற ஒரு புரதம் உண்டு. சந்தையில் விலை அதிகம். நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டி அடியில் இறக்கி இழுக்கிறார்கள். இழுத்ததில் தொன்னுக்குக் குறைந்தது ஒரு மீனை உயிரோடு தெரிந்தெடுத்து, அளந்து, முதுகுத் துடுப்புக்குக் கிட்ட இரண்டு அடையாளக் குச்சிகளைக் குத்தி, திரும்பக் கடலில் விட வேண்டும். மற்ற ஆழ்கடல் மீன் என்றால் மேலே வருகிற வேகத்தில் உள்ளேயிருக்கும் காற்றுப்பை வீங்கிச் செத்துவிடும். டூத்பிஷுக்குக் காற்றுப்பையே இல்லை. அதனால் பிழைக்கும். பிறகு எந்தக் கப்பலாவது அந்த அடையாளத்தோடு ஒரு மீனைப் பிடித்தால், விட்ட மீன் எத்தனை, திரும்பக் கிடைத்தது எத்தனை என்ற விகிதத்திலிருந்து கடலில் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடையாளம் குத்தி விட்ட மீன் காயத்தால் செத்துப்போனால், திரும்பக் கிடைக்கிற எண்ணிக்கை குறையும். குறைந்தால், அதே கணக்கு "கடலில் நிறைய மீன் இருக்கிறது, அதுதான் அடையாளமிட்டது கிடைக்கவில்லை" என்று சொல்லும். அதாவது, கவனக்குறைவாக வேலை செய்கிற கப்பல் தன்னை அறியாமலே அடுத்த வருடம் கூடுதலாகப் பிடிக்க அனுமதி வாங்கிக் கொடுக்கிறது. இன்னொன்று. பெரிய மீனுக்கு விலை அதிகம், அதைக் கடலில் விட யாருக்கும் மனம் வராது. சின்ன மீனாகப் பார்த்து அடையாளம் குத்தி எண்ணிக்கையை நிரப்பிவிடலாம். இதைத் தடுக்கவும் விதி வைத்தார்கள். அடையாளமிட்ட மீன்களின் நீள வரிசையும் பிடித்த மீன்களின் நீள வரிசையும் குறைந்தது 60 வீதம் ஒத்துப்போக வேண்டும். சில கப்பல்களின் தரவு நம்பத் தகுந்ததாக இல்லை என்று ஆணைக்குழுவே அதை ஒதுக்கி வைத்த சம்பவமும் உண்டு. எழுதியது எல்லாம் தரவு ஆகிவிடாது என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டு நடப்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

எண்ணினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அல்பட்ரோஸ் கதையைச் சொல்வேன். விரித்தால் மூன்றரை மீற்றர் வரை போகிற இறக்கை. இரை கோத்த தூண்டில் நீரில் தாழ்வதற்குள் பாய்ந்து கவ்வும், கொக்கியில் மாட்டும், கயிற்றோடு சேர்ந்து மூழ்கும். 1997இல் தென் ஜோர்ஜியாப் பக்கத்தில் மட்டும் இப்படி 5,000க்கு மேற்பட்ட கடற்பறவைகள் செத்திருக்கும் என்று அவதானிப்பாளர்களின் கணக்கிலிருந்து மதிப்பிட்டார்கள். அந்த எண் கையில் இருந்ததால் விதிகளும் இறுகின. இரவில் மட்டும் கயிறு விட வேண்டும், சீக்கிரம் தாழ எடை கட்ட வேண்டும், கப்பலின் பின்னால் பறவையை விரட்ட நாடா தொங்கவிட வேண்டும், குஞ்சு வளர்க்கிற கோடை மாதங்களில் அந்தப் பகுதியில் மீன்பிடியே கூடாது. சில வருடங்களில் அங்கே எண்ணிக்கை ஏறக்குறைய பூச்சியத்துக்கு இறங்கியது. ஆனாலும் தென் ஜோர்ஜியாவின் பெரிய அல்பட்ரோஸ்கள் தொடர்ந்து குறைந்துகொண்டுதான் வந்தன. அவை இரை தேடி வடக்கே, வேறு கப்பல்கள் வேலை செய்கிற கடலுக்குப் போகின்றன. அந்தக் கப்பல்கள் பலவற்றில் எழுத ஆள் இல்லை.

இனி கிரில். விரல் நீளம்கூட வராத, கூனி மாதிரி ஒரு சிறு பிராணி. பென்குவின், சீல், திமிங்கிலம் எல்லாவற்றுக்கும் அதுதான் சோறு. மீன் பண்ணைத் தீவனத்துக்கும் கிரில் எண்ணெய் மாத்திரைக்கும் அதை வலையிலிருந்து பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அவதானிப்பாளர் ஒரு வாளி எடுத்துக்கொண்டு வந்து, 200 கிரில்களை ஒவ்வொன்றாக விரித்து, கண்ணின் முன்விளிம்பிலிருந்து வால் முனை வரை மில்லிமீற்றரில் அளப்பார். ஆணா, பெண்ணா, முட்டைப் பருவமா என்று பார்ப்பார். நடுவில் கலந்து வந்த மீன் குஞ்சுகளைப் பொறுக்கி இனம் பிரிப்பார். கப்பல் ஆடிக்கொண்டிருக்கும், கை விறைத்திருக்கும். பிறகு அடுத்த வாளி. கிரில் கப்பல்கள் எல்லாவற்றிலும் இப்போது அவதானிப்பாளர் கட்டாயம்; அதே நாட்டவர் இருந்தாலே போதும். அதில்தான் எனக்கு மனக்குறை. டூத்பிஷுக்கு வேண்டுமென்று கேட்ட வேற்று நாட்டவரை கிரில்லுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அந்தாட்டிக் தீபகற்பம் தொடங்கி தென் ஜோர்ஜியாவைத் தாண்டிப் போகும் கடற்பகுதியில் 2019இல் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து ஒலி அலை மூலம் அளந்தபோது கிடைத்த மதிப்பீடு 6 கோடி 26 இலட்சம் தொன் கிரில். பிடிக்க அனுமதித்த எல்லை 6 இலட்சத்து 20 ஆயிரம் தொன். நூற்றில் ஒன்று. கேட்க மிகச் சிறிது. கப்பல்கள் அதை அந்தப் பெருங்கடல் முழுக்கப் பரவிப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். கிரில் திரள்கிற சில இடங்களுக்கே எல்லாரும் போகிறார்கள், பென்குவினும் திமிங்கிலமும் போவதும் அங்கேதான். அதனால் அந்த 6,20,000 தொன்னைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தீபகற்பப் பக்கத்தில் 1,55,000க்கு மேல் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2024 ஒக்டோபர் கூட்டத்தில் அதைப் புதுப்பிக்க உடன்பாடு வரவில்லை. விதி காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே, 2025 ஓகஸ்ட் தொடக்கத்தில், மொத்த எல்லையும் முதன்முறையாக எட்டப்பட்டு மீன்பிடி மூடப்பட்டது.

கம்லார் கூட்டம் வருடா வருடம் ஒக்டோபர் கடைசியில் நடக்கும். எங்களுக்கு அது தீபாவளிக் காலம். தோட்டத்தில் முற்பணம் எவ்வளவு கிடைக்கும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நான் இரவில் போனை வைத்துக்கொண்டு ஹொபார்ட்டில் என்ன ஆனது என்று தேடுவேன். அங்கே எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும், ஓர் உறுப்பினர் மறுத்தாலும் நடக்காது. 2016இல் றொஸ் கடலில் 15 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பைப் பாதுகாக்கச் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு பாதுகாப்புப் பகுதிக்கும் சம்மதம் வரவில்லை. இருபத்தேழு உறுப்பினரில் ஒன்றிரண்டு நாடுகள் "தரவு போதாது, இன்னும் ஆராய வேண்டும்" என்று சொல்வதை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கிரில்லை ஒவ்வொன்றாக அளந்தவரின் உழைப்பை அந்த ஒரு வாக்கியம் தள்ளி வைத்துவிடுகிறது. எண் இருந்தும் முடிவு எடுக்காமல் விடலாம், உண்மைதான். ஆனால் தீபகற்பப் பக்கத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கு நாம் பேச முடிவதே அந்த எண் இருப்பதால். சோவியத் காலத்தில் அதுவும் இருக்கவில்லை.

எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் ஒவ்வொரு கோடையிலும் அமெரிக்க விஞ்ஞானிகள் வலை இழுத்துப் பனி நண்டுகளை எண்ணுவார்கள். 2020இல் கொரோனாவால் கப்பல் போகவில்லை. 2021இல் போய்ப் பார்த்தபோது நண்டில் பெரும்பகுதி இல்லை. 2018க்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் கோடி நண்டுகள் காணாமல் போயிருந்தன. கடல் சூடானது, சூட்டில் நண்டுக்குப் பசி கூடும், அத்தனை நண்டுக்கும் தீனி போதாமல் பட்டினியில் செத்தன என்று பின்னர் ஆய்வில் கண்டார்கள். 2022 ஒக்டோபரில் அந்த நண்டுப் பிடிப்பை முதன்முறையாக மூடினார்கள். அதை நம்பி வாழ்ந்த சிறு தீவு ஊர்களுக்கு வருமானம் போனது. 2020இல் எண்ணியிருந்தால் நண்டு பிழைத்திருக்காது. மனிதர்களுக்கு ஒரு வருடம் முன்னமே தெரிந்திருக்கும். கடன் வாங்கிப் படகு போட்டவனுக்கு ஒரு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை.

அதே வடக்கில் நம்பிக்கை தருகிற ஒன்றும் நடந்திருக்கிறது. ஆர்க்டிக்கின் நடுக்கடல் இதுவரை பனி மூடிக் கிடந்தது, அங்கே யாரும் மீன் பிடிக்கவில்லை. பனி உருகி வழி திறக்கத் தொடங்கியதும், பத்துத் தரப்புகள் சேர்ந்து 2018 ஒக்டோபரில் கிறீன்லாந்தின் இலுலிசாட்டில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், நோர்வே, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அதில் உண்டு. அங்கே என்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒன்றாக ஆராய்வது, அதற்கு முன் வணிக மீன்பிடி வேண்டாம் என்பதுதான் சாரம். 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது, பதினாறு வருடத்துக்குச் செல்லும். முதலில் எண்ணு, பிறகு பிடி என்று இத்தனை நாடுகள் கையெழுத்துப் போட்டது சாதாரண விடயம் இல்லை. மற்றக் கடல்களில் எல்லாம் பிடித்து முடித்த பிறகுதான் எண்ணத் தொடங்கினார்கள்.

ஒப்பந்தத்தின் தவணை 2037இல் முடிகிறது. யாரும் மறுக்காவிட்டால் ஐந்து ஐந்து வருடமாகத் தானாக நீளும். ஒரு தரப்பு மறுத்தால் நீளாது. அதற்குள் அந்த நடுக்கடலைப் பற்றிய முதல் கணக்கை எழுதி முடிக்க வேண்டும்.